பட்டறை டிரெய்லர்: கனம்தான் கணக்கு

ஜீப்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு முகாம் போக ஒரு டிரெய்லர் செய்யலாம் என்று பேச்செடுத்தால், பேச்சு உடனே மேலே என்ன பொருத்துவது என்பதற்குத் தாவிவிடுகிறது. மடக்குக் கூடாரம், இழுத்தால் வெளியே வரும் அடுப்பு, சோலார் பலகை, குளிர்பெட்டி என்று பட்டியல் நீளும். அடியில் ஓடும் அச்சும் சக்கரமும் கடைசியில், மிஞ்சிய பணத்தில், பழைய இரும்புக் கடையில் கிடைத்ததாக முடியும். ராமநாதபுரம் கடற்கரைக்கு இந்த வரிசை தலைகீழ். இங்கே வெல்டிங் பட்டறையில் செய்யும் ஒற்றை அச்சு டிரெய்லரை மதிப்பிட முதலில் பார்க்க வேண்டியது அதன் வெற்று எடை. அது 250 கிலோவை ஒட்டி நின்றால் வண்டி உருப்படி. 400 கிலோவைத் தாண்டினால், மேலே எவ்வளவு வசதி செய்திருந்தாலும், தார்ச்சாலையை விட்டு இறங்கத் தகுதியில்லாத வண்டி.

காரணம் இந்த மண். தேவிபட்டினத்தை நடுவில் வைத்துக்கொண்டால் இரண்டு விதமான தரை ஒரு மணி நேர ஓட்டத்துக்குள் அகப்படும். வடக்கே திருப்பாலைக்குடி, உப்பூர், காரங்காடு என்று பாக் நீரிணையை ஒட்டிப் போனால் ஆழமில்லாத கடல், சேற்றுக்கரை, களர்வெளி, காரங்காட்டில் அலையாத்திக் காடு. மேலே காய்ந்து பாளமாகத் தெரியும் களரின் அடியில் ஈரக் களிமண் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கேட்கவே வேண்டாம். தெற்கே திருப்புல்லாணியைத் தாண்டிச் சேதுக்கரை, அங்கிருந்து மேற்கே வாலிநோக்கம் என்று மன்னார் வளைகுடாப் பக்கம் போனால் உலர்ந்த தேரிமணல். ஒன்று வழுக்கும், மற்றது விழுங்கும். இரண்டுக்கும் பொதுவான குணம், கனமான சக்கரத்தை மன்னிக்காதது. பாறையும் மலைச்சரிவும் இந்த மாவட்டத்தில் இல்லை. ஆனால் படங்களைப் பார்த்து இங்கே செய்யப்படும் டிரெய்லர்களில் பெரும்பாலானவை பாறை நாட்டுக்குப் போட்ட வரைபடங்கள்: தடித்த சட்டம், உயர்ந்த தூக்கு, முன்னே ஒரு கூண்டு. பார்க்க மிடுக்காக இருக்கும், மறுப்பதற்கில்லை.

கணக்காகப் பார்த்துவிடலாம். தார்ச்சாலையில் ஒரு சக்கரத்தை உருட்டத் தேவைப்படும் இழுவிசை, அது சுமக்கும் எடையில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை பங்கு. உதிரி மணலில் அதுவே நூற்றுக்கு இருபது, முப்பது வரை போகும். நடுவே 25 என்று வைத்துக்கொள்வோம். ஆட்களோடு 2,000 கிலோ எடையுள்ள ஒரு நாலுசக்கர இழுவை வண்டி, தன்னைத்தானே நகர்த்திக்கொள்ளவே 500 கிலோ இழுவிசையைச் செலவழிக்கும். அந்த மணலில் அதன் நாலு டயர்களுக்கும் கிடைக்கும் பிடி எடையில் நூற்றுக்கு 35 பங்கு என்றால், மொத்தம் 700 கிலோ. மிச்சம் 200. பாரத்தோடு 500 கிலோ உள்ள டிரெய்லர் கேட்பது 125, வண்டி நகரும். பாரத்தோடு 900 கிலோ உள்ள டிரெய்லர் கேட்பது 225. நின்ற இடத்தில் குழி தோண்டும். எஞ்சினின் குதிரைத்திறன் இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிடி இல்லாத இடத்தில் கூடுதல் சக்தி குழியைத்தான் ஆழமாக்கும். பின்சக்கரம் மட்டும் இழுக்கும் பொலேரோவுக்கு இந்தப் பிடியில் ஏறக்குறையப் பாதிதான் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு, டிரெய்லர் இல்லாமலேகூட, உதிரி மணலில் இறங்கக் கூடாது. டயர் காற்றை 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் எண்கள் நமக்குச் சாதகமாக நகரும். ஆனால் டிரெய்லர் டயரிலும் சேர்த்து இறக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். திரும்பித் தார் ஏறும்போது காற்றடிக்க 12 வோல்ட் கம்ப்ரஸர் ஒன்று கையில் வேண்டும்.

தகடு தடிமனாக இருந்தால்தானே குலுக்கலுக்குத் தாங்கும் என்பது முதல் ஆட்சேபம். இதற்குப் பழைய பதில் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் வில்லிஸ் ஜீப்புக்குப் பின்னால் ஓடிய கால் டன் டிரெய்லரின் வெற்று எடை சுமார் 250 கிலோ. நல்ல சாலையில் 450 கிலோ வரை ஏற்றலாம். சாலையை விட்டு இறங்கினால் அதில் பாதிதான் என்று இராணுவமே வரம்பு வைத்தது. அதன் தொட்டி நீர் புகாதது. ஆற்றில் விட்டால் மிதக்கும். சக்கரம் ஜீப்பின் அதே 16 அங்குலச் சக்கரம். அந்த ஜீப்பின் வழிவந்த வண்டியைத்தான் பிறகு மஹிந்திரா இந்தியாவில் கோக்கத் தொடங்கியது. போர்க்களத்துக்கு வடிவமைத்தவர்கள் வலிமையை எடையில் தேடவில்லை. சட்டம் எங்கே வளையும், எங்கே விரியும் என்று பார்த்து அந்த இடத்துக்கு மட்டும் இரும்பு கொடுத்தார்கள். பட்டறைகளில் நடப்பது நேர்மாறு. வளையும் என்று பயப்படும் இடத்திலெல்லாம் ஒரு பட்டையை வைத்து வெல்டு அடித்துவிடுகிறார்கள். விரிசல் வருவதோ பெரும்பாலும் அந்த வெல்டின் ஓரத்தில்தான், அதிலும் கொக்கிக்குப் போகும் டிராபார் சட்டத்தோடு சேரும் மூலையில்.

இந்தக் கரையின் உண்மையான எதிரி குலுக்கலும் அல்ல, உப்பு. சதுரக் குழாய் மலிவு, நேர்த்தி, வெல்டு செய்யவும் எளிது. ஆனால் உப்புக்காற்று உள்ளே புகுந்தால் குழாய் உள்ளிருந்து அரிக்கும், வெளியே பெயின்ட் பளபளப்பாகவே இருக்கும். அதனால் இங்கே திறந்த சி-சேனல்தான் சரி. அழுக்கு தெரியும், தண்ணீர் பீய்ச்சிக் கழுவலாம், துருவைச் சுரண்டிப் பெயின்ட் பூசலாம். கைக்கு எட்டாத இரும்பு இந்தக் கரையில் நிலைக்காது. பணம் இருந்தால் முழுச் சட்டத்தையும் வெல்டு முடித்தபிறகு உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கக் கொடுப்பது நல்லது. சுமார் 450 டிகிரி தொட்டியில் முக்கும்போது 3 முதல் 6 மி.மீ. தடிமனுள்ள இரும்பில் 70 மைக்ரான் அளவுக்குப் பூச்சு ஏறும். கடையில் கிடைக்கும் மஞ்சள், வெள்ளை முலாம் போட்ட போல்ட்டுகளில் இருப்பது அதில் ஏழில் ஒரு பங்குதான். மூடிய குழாய் எதுவும் சட்டத்தில் இருந்தால் துளை போடாமல் அந்தத் தொட்டிக்கு அனுப்பக் கூடாது; உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் வெடிக்கும்.

சட்டத்தின் மேல் உட்காரும் சாமான் தொட்டிக்கு வரும்போது பட்டறையை விட்டு வெளியே வர வேண்டும். ஆறடி நீளம், நாலடி அகலம், ஒன்றரை அடிக்குச் சற்றுக் கூடுதலான உயரம் என்று வைத்துக்கொண்டால், 3 மி.மீ. செக்கர்டு பிளேட் தரையும் 2 மி.மீ. தகட்டுப் பக்கங்களும் சேர்ந்து கிட்டத்தட்ட 100 கிலோ. அதையே 12 மி.மீ. மரைன் பிளைவுட்டில் செய்து இருபுறமும் ஃபைபர் பூசினால் 60 கிலோவுக்குள் முடியும். துருவும் கிடையாது, தண்ணீரும் புகாது. இந்த வேலைக்கு வெளியூர் நிபுணர் தேவையில்லை. ஃபைபர் வல்லம் கட்டுகிறவர்களும் ஒட்டுப் போடுகிறவர்களும் இந்தக் கரை நெடுக இருக்கிறார்கள். கடல்நீரில் நாள்தோறும் அடிபடும் ஒன்றைச் செய்யும் கைகளுக்கு ஒரு தொட்டி பெரிய காரியமில்லை. வெல்டரிடம் சட்டம், வல்லம் கட்டுகிறவரிடம் தொட்டி என்று வேலையைப் பிரிப்பதுதான் இந்த ஊருக்குப் பொருந்தும் வடிவமைப்பு. 75-க்கு-40 சேனல் மீட்டருக்கு ஏறக்குறைய 7 கிலோ. டிராபாரோடு 12 மீட்டர் போதும், 85 கிலோ. அச்சு, ஹப், ஸ்பிரிங் 60, 70 கிலோ. சக்கரம் இரண்டும் 50. கூட்டினால் 260ஐ ஒட்டி நிற்கும்.

பாரத்தோடு 500 கிலோ என்ற கணக்கில் மிச்சம் இருக்கும் 240 கிலோவில் கணிசமான பங்கு தண்ணீருக்கே போகும். இங்கே பல இடங்களில் நிலத்தடி நீர் உவர். முகாம் போடும் இடத்தில் கிணறு கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது. நான்கு பேர் இரண்டு இரவு தங்கக் குடிக்க, சமைக்க, கைகால் கழுவ 20 லிட்டர் கேன் நாலைந்தாவது வேண்டும். அதாவது 100 கிலோ. அடியில் ஒரே பெரிய டேங்க் பொருத்துவது நாகரிகமாகத் தெரியும். பாதி காலியானதும் உள்ளே தளும்பும் தண்ணீர் வண்டியை ஆட்டும், டேங்கில் உப்பு நீர் கலந்தால் எல்லாமே போகும். கேன்தான் நல்லது. எங்கும் கிடைக்கும், மாற்றலாம், மணலில் மாட்டிக்கொண்டால் முதலில் இறக்கி எடையைக் குறைக்கலாம்.

அந்தக் கேன்களை எங்கே வைப்பது என்பதில் மாட்டுவண்டிக்காரர்கள் நமக்கு முன்னோடிகள். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நோகும், பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே தூக்கும். டிரெய்லருக்கும் இதே விதிதான்: மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் அழுந்த வேண்டும். 500 கிலோவுக்கு 50. அதற்குக் குறைந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகம் பிடிக்கும்போது வால் ஆடத் தொடங்கும். மிகவும் கூடினால் இழுக்கும் வண்டியின் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. தண்ணீர் அச்சுக்கு நேர் மேலே இருந்தால், அது குறையக் குறையச் சமநிலை கெடாது. வீட்டுக் குளியலறைத் தராசைக் கொக்கிக்கு அடியில் வைத்தால் எடை தெரிந்துவிடும். ஸ்பிரிங்கிலும் ஒரு வார்த்தை: சிறு சரக்கு வண்டியின் பட்டையை அப்படியே கழற்றி வைத்தால் அது இந்த எடைக்கு விறைப்பு. வண்டி அமுங்காமல் துள்ளும், உள்ளே முட்டை மிஞ்சாது. இலைகளைக் குறைத்தே கட்ட வேண்டும்.

சக்கரம் இழுக்கும் வண்டியின் சக்கரமாகவே இருக்கட்டும்: அதே அளவு, அதே போல்ட் துளை, அதே தடஅகலம். தடம் ஒன்றானால் முன்வண்டி அமுக்கிய மணலில் டிரெய்லர் உருளும். புதுத்தடம் வெட்டும் இழுவை மிச்சம். இரண்டு ஸ்டெப்னி சுமக்க வேண்டியதும் இல்லை. இது அழகுக்காகச் சொல்வதல்ல. இந்த மாவட்டம் முழுக்கச் சீமைக்கருவேலம். அதன் முள் டயரின் பக்கச் சுவரில் ஏறினால் பஞ்சர் குச்சி உதவாது, சக்கரத்தை மாற்றித்தான் ஆக வேண்டும். ஹப்பும் பேரிங்கும் ஊர் ஸ்பேர் கடையில் கிடைக்கிற ரகமாக இருக்க வேண்டும். ஓடிச் சூடான ஹப்பை உடனே உப்புத் தண்ணீரில் இறக்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீலைத் தாண்டி நீரை உறிஞ்சும். அடுத்த வாரம் பேரிங் கரகரக்கும். ஆற வைத்து இறக்குங்கள், வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், பருவத்துக்கு ஒருமுறை கிரீஸ் மாற்றுங்கள்.

இத்தனை பாடு எதற்கு, கூரையில் கேரியர் போட்டால் போதாதா என்பது நியாயமான கேள்வி. இரண்டு பேர் ஓர் இரவு தங்கப் போவதானால் போதும். அவர்கள் டிரெய்லர் செய்வது வீண். ஆனால் நூறு கிலோ தண்ணீரைக் கூரையில் ஏற்ற முடியாது. ஏற்றினால் தேரிமேட்டின் சரிவில் வண்டி கவிழப் பார்க்கும். டாடா ஏஸ் வாடகைக்கு எடுக்கலாமே என்பார்கள். தார் முடியும் இடம் வரை அது மலிவான, நல்ல வழி. அதன் சிறிய சக்கரமும் பின்சக்கர இழுவையும் மணலில் அதற்கு மேல் வராது. தனுஷ்கோடிக்கு 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கும் வரை, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலிலும் ஆழமற்ற நீரிலும் ஆட்களை ஏற்றிப்போன ஜீப்புகளும் வேன்களும் தடம் அறிந்த கைகளில் ஓடின. கண்ட வண்டியும் அந்த வழியில் போகவில்லை. இன்று அங்கே சாலை இருக்கிறது. மாலைக்குமேல் தங்க மட்டும் அனுமதியில்லை, ஆகையால் அதை முகாம் பட்டியலில் சேர்க்க வேண்டாம். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அந்தப் பேச்சே வேண்டாம். மற்றக் கரைகளிலும் வலை காயும் இடம், வல்லம் ஏற்றும் இடம், தை முதல் ஆமை முட்டையிடும் மணல் ஆகியவற்றுக்கு மேலே, ஊராரைக் கேட்டுக்கொண்டு நிறுத்துவதுதான் முறை. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் நவபாஷாணக் கோயிலுக்குக் கூட்டம் வரும்போது தேவிபட்டினத் தெருக்களில் டிரெய்லரோடு பின்னால் எடுத்துப் பார்க்க ஆசைப்படாதீர்கள்.

எல்லா ஆட்சேபங்களிலும் வலுவானது சட்டம். அதற்கு மழுப்பலான பதில் கிடையாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்பதற்குள் டிரெய்லரும் அடக்கம். பதிவு எண் வேண்டும், மூன்றாம் நபர் காப்பீடு வேண்டும். பட்டறையில் செய்து கொக்கியில் மாட்டியதாலேயே அது சாமான் ஆகிவிடாது. மோதினால் காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்ப்பது இதைத்தான். இழுக்கும் வண்டியின் கையேட்டில் இழுவைக்கு என்ன எழுதியிருக்கிறது என்பதும் அப்போது கேள்வியாகும். பிரேக் இல்லாத டிரெய்லருக்கு பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் பாரத்தோடு 750 கிலோ என்று வரம்பு வைத்திருக்கின்றன. இங்கே சொன்ன 500 கிலோ அதற்கு உள்ளே இருப்பது எடைக் கணக்கின் இன்னொரு லாபம். கொக்கியைப் பட்டறையில் அடிக்காமல் முத்திரையுள்ள 50 மி.மீ. பந்து ஹிட்சாக வாங்குங்கள். இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுங்கள்.

ஆக, நாலுசக்கர இழுவை வண்டி கையில் இருந்து, குடும்பத்தோடு அடிக்கடி தங்கப் போகிறவர்களுக்கு இது செய்யத் தகுந்த வண்டி. மற்றவர்களுக்குக் கேரியரும் வாடகை ஏஸும் போதும். செய்வதென்றால்கூட, பதிவுக்கு உரிய தாள்களோடு வரும் சட்டத்தையும் அச்சையும் விலைக்கு வாங்கி, தொட்டியை மட்டும் ஊரில் கட்டிக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன். செலவு கூடும், தலைவலி குறையும். முழுதும் பட்டறையிலேயே என்று முடிவெடுத்தவர்கள், சேனலுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் வரைபடத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய், இதைப் பதிவு செய்ய முடியுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.