ஏழு மலைக்கு ஒரு கணக்கு

பிப்ரவரி பிறந்துவிட்டால் கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கத்துப் பட்டறைகளிலும் மில் வாசல்களிலும் ஒரே கேள்விதான். "இந்த வருசம் எப்பங்க மலைக்கு?" எந்த மலை என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. பூண்டி அடிவாரத்தில் வனத்துறை வழியைத் திறந்துவிட்டதென்றால் வெள்ளியங்கிரி ஒன்றுதான் மலை. மே முடியும்வரை ஏறலாம். ஜூனில் தென்மேற்குக் காற்று பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து அடிக்கத் தொடங்கினால் பாறையெல்லாம் வழுக்கும், மேலே நிற்கவும் முடியாது.

ஏறுகிற கூட்டம் பெரிது. அதில் வேகமாக ஏறுகிறவர்களைப் பற்றி எனக்குப் பெரிய வியப்பில்லை. இருபது வயதுக் காலுக்கு அது இயல்பு. நான் ரசிப்பது ஒவ்வொரு குழுவிலும் இருக்கும் அந்த ஒருவரை. பல வருடமாகப் போய் வருகிறவர், ஆட்களைக் கூட்டிப் போகிறவர். தறிக்காரராக இருப்பார், லேத் பட்டறைக்காரராக இருப்பார். கையில் நோட்டு இருக்காது, போனில் வரைபடம் இருக்காது. ஆனால் பதினைந்து பேர் எந்த மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்பது அவருக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அவருடைய கணக்கு ஒரு கலை. அதன் நேர்த்தியைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் கணக்கு சரியாக இருந்தால் எதுவுமே நடக்காது.

ஏழாவது மலையான உச்சி ஏறத்தாழ 6,000 அடி. அடிவாரத்திலிருந்து ஏற வேண்டியது சுமார் 4,000 அடி, நடக்கும் தூரம் ஒரு பக்கத்துக்கு ஆறு கிலோமீட்டர் அளவில். ஸ்காட்லாந்தின் மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892ல் ஒரு சூத்திரம் சொன்னார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறுகிற ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். உலகமெங்கும் மலை நடப்பவர்கள் இன்றும் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். வெள்ளியங்கிரிக்குப் போட்டுப் பார்த்தால் மூன்றேகால் மணி நேரம் வருகிறது. பூண்டியில் போய் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். பழகியவர்களைத் தவிர மற்றவர்களுக்கு ஐந்திலிருந்து ஏழு மணி நேரம் ஆகும். நெய்ஸ்மித்தின் மலையில் முன்னால் போகிறவர் படியில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொள்வதில்லை, சுக்குக் காப்பிக் கடை இல்லை, செருப்பில்லாமல் வருகிற பெரியவர் இல்லை. சூத்திரம் தனி மனிதனுக்கானது. இங்கே ஏறுவது ஊர்.

அதனால் நம் ஆள் கணக்கைப் பின்னாலிருந்து, உச்சியில் பார்க்க வேண்டிய விடியலிலிருந்து போடுகிறார். ஏப்ரல் நடுவில் கோவையில் சூரியன் உதிப்பது 6.10 வாக்கில். பிப்ரவரியில் 6.40 ஆகிவிடும். உச்சியில் வெளுப்பு அதற்கு அரை மணிக்கு முன்பே வரும். ஆக 5.30க்கு மேலே நிற்க வேண்டும். ஆறு மணி நேர நடை, வழியில் உட்காருவதற்கெல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம். ராத்திரி 10.30க்கு முதல் படியில் கால் வைக்க வேண்டும். இதில் நுட்பம் என்னவென்றால் சீக்கிரம் போய்ச் சேருவதும் தப்பு. மூன்று மணிக்கே உச்சியை அடைந்துவிட்ட இளவட்டங்களைப் பார்த்திருக்கிறேன். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும், அதோடு கணவாய்க் காற்று வேறு. வியர்த்த பனியன் உடம்போடு ஒட்ட, பாறை இடுக்கில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நடுங்கிக்கொண்டு விடியலுக்குக் காத்துக் கிடப்பார்கள். அவர்கள் பாய்ந்து மிச்சம் பிடித்த இரண்டரை மணி நேரத்தையும் குளிர் எடுத்துக்கொள்கிறது.

நாள் பார்ப்பதில்தான் தேர்ந்த கை தெரியும். பொதுவாக ஆசைப்படுவது பௌர்ணமிக்கு, அதிலும் சித்ரா பௌர்ணமிக்கு. பக்திக்கு அது சரி. நடைக்கு? எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தினசரிக் காலண்டர் தாளைப் புரட்டிவிட்டுப் பௌர்ணமி கழிந்து இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோதான் குறிப்பார். துவிதியை, திருதியை. ஏனுங்க என்று கேட்டதற்கு, "நெலா நமக்கு மேல இருக்கோணுமுங்க, நமக்கு முன்னாடியே எறங்கிரக் கூடாது" என்றார். யோசித்துப் பார்த்தால் அற்புதமான கணக்கு. நிலா ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தாமதித்து எழுகிறது. பௌர்ணமிக்கு மூன்று நாள் முந்தி ஏறினால், நான்கு மணி வாக்கில், சரியாக ஏழாம் மலையின் செங்குத்தில் கைவிட்டுவிடும். போதாததற்கு நடுநிசிக்கு முன்பே மேற்கே சாயத் தொடங்கிவிடும், நாம் ஏறுவதோ கிழக்குச் சரிவு. மூன்று நாள் பிந்தினால் எட்டே முக்கால் வாக்கில் எழுந்து, மூன்று மணிக்கு உச்சந்தலைக்கு வந்து, விடியும்வரை கூடவே வரும். கூட்டமும் வடிந்திருக்கும். டார்ச் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் மலை மரங்களுக்குள் எந்த நிலாவும் உதவாது. டார்ச் நெற்றியில் கட்டுகிற வகையாக இருந்தால் நல்லது. கைக்கு வேறு வேலை இருக்கிறது.

அந்த வேலை மூங்கில் தடி. அடிவாரத்தில் குவித்து வைத்து விற்பார்கள். புதிதாக வருகிறவர் வழவழப்பாக, கைக்கு அடக்கமாக ஒன்றை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். விவரம் தெரிந்தவர் கணு கணுவாகத் தடவிப் பார்ப்பார், தரையில் ஊன்றி முழு எடையையும் போட்டு வளைகிறதா என்று பார்ப்பார். உயரம் தோளுக்கு வர வேண்டும். ஏறும்போது அவ்வளவு நீளம் தொந்தரவுதான், பாதியில் பிடித்துக்கொள்ளலாம். இறங்கும்போது நாம் நிற்கும் படிக்குக் கீழே இரண்டாவது படியில் அதை ஊன்ற வேண்டும். குட்டைத் தடிக்காரர் அங்கே குனிவார். குனிந்தவர் எடை முன்னால் போகும்.

சுமையில் பெரும்பங்கு தண்ணீர். லிட்டருக்கு ஒரு கிலோ. பயந்தவர்கள் ஐந்து லிட்டர் தூக்குவார்கள். முதல் மலை முடிவில் வெள்ளைப் பிள்ளையாரைக் கும்பிடுவதற்குள் அதில் பாதியை எறிந்துவிடத் தோன்றும். வழியில் சுனைகள் இருக்கின்றன. இரண்டாம் மலையில் பாம்பாட்டிச் சுனை, மூன்றாவதில் கைதட்டிச் சுனை, ஆறாவதில் ஆண்டி சுனை. திட்டம் என்பது ஒரு சுனையிலிருந்து அடுத்த சுனைவரை தேவையானதைத் தூக்குவது. மே மாதக் கடைசியில் சுனை மெலிந்துவிடும் என்பதால் அப்போது மட்டும் ஒரு பாட்டில் கூட. வனத்துறை அடிவாரத்தில் பையைச் சோதித்து, பிளாஸ்டிக்கையும் தீப்பெட்டி, பீடியையும் எடுத்துவிடும். முணுமுணுக்கிறவர்கள் 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காய்ந்த புல்லில் பிடித்த தீ இருபதுக்கும் மேற்பட்ட மலையேறிகளைக் கொன்றதை நினைத்துக்கொள்ளலாம். நம் மேல் மலைகளும் அதே மாதங்களில் அதே புல்தான்.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புளிசோறு, கடலை மிட்டாய், உப்புப் போட்ட நெல்லிக்காய். துணியில் சுற்றிய ஒரு காய்ந்த சட்டை இதையெல்லாம்விட முக்கியம். ஆண்டி சுனையில் குளித்தபின் போட்டுக்கொள்ள.

ஆறாம் மலையில் ஒரு சூது இருக்கிறது. அது இறக்கம். களைத்த காலுக்கு வரம்போலத் தோன்றும், "அவ்வளவுதானா" என்று புதியவர் உற்சாகமாகிவிடுவார். திரும்பி வரும்போது அதே ஆறாம் மலை ஏற்றமாக நிற்கும். இரவு முழுக்க நடந்து, சாமி பார்த்து, இனி கீழே போவதுதானே என்று மனசு தளர்ந்திருக்கும் நேரத்தில். கூட்டிப் போகிறவர் இதை முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லிவைப்பார். தெரிந்த கஷ்டம் பாதிக் கஷ்டம்.

ஆட்களைத் தேர்ந்தெடுப்பது நாசூக்கான வேலை. ஒரு மாதம் முன்பே ஞாயிற்றுக்கிழமைகளில் மருதமலையின் 837 படிகளை ஏறி இறங்கிவரச் சொல்வார்கள். யார் மூச்சு எப்படி என்று அங்கேயே தெரிந்துவிடும். 2024 பருவத்தில் மூச்சுத் திணறியும் நெஞ்சு வலித்தும் அடுத்தடுத்துப் பலர் மலையிலேயே இறந்தார்கள். அதற்குப் பிறகும் பிரஷர் மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. நல்ல தலைவர் புறப்படும்போது "சாமி, மாத்திரை போட்டாச்சுங்களா?" என்று தனித்தனியாகக் கேட்பார். மெதுவானவரை முன்னால் விட்டு, தான் கடைசியில் நடப்பார். பின்னால் விடப்பட்ட மெதுவானவருக்கு ஓய்வே கிடைக்காது. அவர் வந்து சேரும்போது மற்றவர்கள் எழுந்துவிடுவார்கள். நடையின் வேகம் அவர் வேகம் என்று ஏற்றுக்கொண்டால் பதினைந்து பேருக்கும் நல்லது. திரும்புவதற்கும் ஓர் இடம் முன்பே பேசிவைத்திருக்க வேண்டும். கைதட்டிச் சுனையில் இரண்டு மணிக்குள் இல்லாதவர் துணைக்கு ஒருவரோடு அங்கிருந்தே இறங்குவார் என்பதுபோல. மேலே போய் முடிவெடுக்கலாம் என்றால், மேலே போனபின் யாரும் அந்த முடிவை எடுப்பதில்லை.

இறக்கத்தைத்தான் பெரும்பாலான திட்டங்கள் மறந்துவிடுகின்றன. நெய்ஸ்மித்தும் மறந்தார். பின்னால் எரிக் லாங்முயர் என்ற இன்னொரு மலையேறிதான் அதைத் திருத்தினார்: மென்மையான சரிவில் நேரம் குறையும், செங்குத்தான இறக்கத்திலோ ஒவ்வொரு 300 மீட்டருக்கும் பத்து நிமிடம் கூட்ட வேண்டும். வெள்ளியங்கிரியில் ஏழாவதும் முதலாவதும் அப்படிப்பட்டவை. ஏறும்போது நெஞ்சு வாங்கும், இறங்கும்போது முழங்கால். மேல் மலைகளில் மர நிழல் கிடையாது. அதனால் ஏழு மணிக்குள் உச்சியைவிட்டு நகர்ந்து, ஒன்பதரைக்குள் புல்வெளியைத் தாண்டி மரங்களுக்குள் வந்துவிட வேண்டும். படம் பிடித்து, நொய்யல் பிறக்கும் காட்டையெல்லாம் பார்த்து நிற்க அரை மணி நேரம். அதற்கு மேல் நின்றால் ஏப்ரல் வெயிலில் அதே அரை மணி ஒரு மணியாகக் கீழே கேட்கும். கடைசியில் வருவது முதல் மலையின் கற்படிகள், நடையிலேயே கால் மிகவும் நடுங்குகிற நேரத்தில் மிகவும் உயரமான படிகள். அங்கே பக்கவாட்டில் திரும்பி இறங்குகிறவரைக் கண்டால் ஏற்கெனவே வந்தவர் என்று தெரிந்துகொள்ளலாம்.

பதினோரு மணிக்குப் பூண்டி. கணக்கு அங்கே முடியாது. முந்தின நாள் காலை எழுந்தவர்கள், இருபத்தெட்டு மணி நேரமாகத் தூங்காதவர்கள், இனி செம்மேடு, ஆலாந்துறை, பேரூர் வழியாக சிறுவாணி ரோட்டில் வண்டி ஓட்டியாக வேண்டும். பைக்கில் வந்தவர்கள் நிலை இன்னும் மோசம். அந்தப் பெரியவர் வருடாவருடம் ஓர் ஆளை மலை ஏறவிடாமல் அடிவாரத்திலேயே தூங்க வைப்பார். போன வருடம் அது அவருடைய மருமகன். "அடுத்த தடவ நீங்க ஏறுங்க மாப்ள" என்று சமாதானம் சொல்லி, வேன் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் தடி வாங்கப் போனார்.