ஹோம் அலோன் (1990): ஒரு மதிப்பீடு

ஹோம் அலோன் 1990 நவம்பர் 16 அன்று அமெரிக்காவில் வெளியான குடும்ப நகைச்சுவைத் திரைப்படம். ஜான் ஹியூஸ் எழுதித் தயாரித்தார். கிறிஸ் கொலம்பஸ் இயக்கினார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் வீட்டில் தனியாக விடப்பட்ட எட்டு வயதுச் சிறுவன் கெவினாக மெக்காலே கல்கின் நடித்தார். படம் அமெரிக்காவில் தொடர்ந்து 12 வாரங்கள் வசூலில் முதலிடத்தில் இருந்தது. போலந்துத் தொலைக்காட்சியில் கிறிஸ்துமஸ்தோறும் இதை ஒளிபரப்புவது வழக்கமாகிவிட்டது. 2023-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இதைப் பாதுகாக்கவேண்டிய படங்களின் தேசியப் பதிவேட்டில் சேர்த்தது.

சிறு வயதில் இதைப் பார்த்தவர்கள் இன்று தம் பிள்ளைகளோடு அமர்ந்து மீண்டும் பார்க்கிறார்கள். காரணம் கேட்டால், திருடர்களுக்காகக் கெவின் வைக்கும் பொறிகளையே பெரும்பாலோர் சொல்வார்கள். அந்த விடை பாதிதான் சரி. 103 நிமிடப் படத்தில் பொறிக் காட்சிகள் கடைசி அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு: அந்தப் பொறிகள் கெவினைக் காப்பாற்றுவதில்லை.

கதையின் கட்டமைப்பு

சிகாகோ நகரை அடுத்த புறநகரில் மெக்காலிஸ்டர் குடும்பம் வாழ்கிறது. கிறிஸ்துமஸுக்குப் பாரிஸ் செல்ல உறவினர்கள் எல்லாம் வந்து கூடியிருக்கிறார்கள். இரவு உணவின்போது எழும் சண்டையில் கெவின் மட்டும் தண்டிக்கப்பட்டு மேல்மாடி அறைக்கு அனுப்பப்படுகிறான். இந்தக் குடும்பமே இல்லாமல் போகட்டும் என்று கோபத்தில் வேண்டிக்கொள்கிறான். காலையில் எழுந்தால் வீட்டில் ஒருவரும் இல்லை. தன் வேண்டுதல் பலித்துவிட்டது என்றே நம்புகிறான்.

ஒரு குழந்தையை எப்படி மறந்துவிட்டுப் போக முடியும் என்ற கேள்விக்குத் திரைக்கதை பொறுமையாக விடை தருகிறது. இரவுக் காற்றில் மின்சாரம் தடைபட்டு, எழுப்பவேண்டிய கடிகாரம் நின்றுவிடுகிறது. அவசரமாகப் பிள்ளைகளை எண்ணும்போது பக்கத்து வீட்டுப் பையனும் கணக்கில் சேர்ந்துவிடுகிறான். கெவினின் பயணச்சீட்டோ முந்திய இரவே சிந்திய பாலைத் துடைத்த காகிதங்களோடு குப்பைக்குப் போய்விட்டது. காரண காரியத் தொடர்பைப் படிக்க விரும்பும் மாணவர்களுக்கு இந்த முதல் அரை மணி நேரம் நல்ல பாடம்.

அச்சங்கள் விலகுதல்

பெரிய குடும்பத்தின் கடைசிப் பிள்ளை தன் பேச்சு யார் காதிலும் விழாத இடத்தில் வளர்கிறது. வகுப்பில் அத்தகைய பிள்ளைகளை ஆசிரியர்கள் எளிதில் அடையாளம் காண்பார்கள். தன் பெட்டியைத் தானே அடுக்கத் தெரியாதவன் என்று கேலி செய்யப்பட்ட கெவின், தனியாக இருக்கும் நாட்களில் கடைக்குப் போகிறான், துணி துவைக்கிறான், கிறிஸ்துமஸ் மரத்தை அலங்கரிக்கிறான். நிலவறையில் உள்ள வெப்ப உலை முதலில் அவன் கண்ணுக்கு வாய் பிளந்த பூதமாகத் தெரிகிறது. பிறகு ஒருநாள் அதையே அதட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறான்.

அவனுடைய மிகப் பெரிய அச்சம் பக்கத்து வீட்டு முதியவர் மார்லி. அவர் பனி அள்ளும் மண்வாரியால் தம் குடும்பத்தையே கொன்றவர் என்று அண்ணன் பஸ் கதை கட்டியிருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு முந்திய மாலை, தேவாலயத்தில் அந்த முதியவர் கெவினின் அருகில் வந்து அமர்கிறார். மகனோடு ஏற்பட்ட மனக்கசப்பால் பல ஆண்டுகளாகப் பேச்சில்லை என்றும், பாடகர் குழுவில் இருக்கும் பேத்தியின் குரலைக் கேட்கவே வந்ததாகவும் சொல்கிறார். மகனைத் தொலைபேசியில் அழைத்துப் பார்க்கலாமே என்கிறான் சிறுவன். ராபர்ட்ஸ் பிளாசம் இந்தக் காட்சியில் மிகக் குறைவாகவே நடிக்கிறார். அதனாலேயே அது மனத்தில் நிற்கிறது. குடும்பத்தை இழந்துவிட்டதாக நினைக்கும் ஒரு சிறுவனும் ஒரு முதியவரும் இங்கே சமமாகப் பேசிக்கொள்கிறார்கள்.

பொறிகளின் தோல்வி

அதன் பிறகே திருடர்கள் வருகிறார்கள். ஜோ பெசியும் டேனியல் ஸ்டெர்னும் வாங்கும் அடிகள் பேசாப்படக் கால நகைச்சுவையை நினைவூட்டுகின்றன. ஆனால் இறுதியில் கெவின் பிடிபடுகிறான். எதிர்வீட்டில் அவனைத் தூக்கிக் கொக்கியில் மாட்டிவிடுகிறார்கள். அவனுடைய சாமர்த்தியம் அதோடு தீர்ந்துவிடுகிறது. அப்போது பின்னால் வந்து திருடர்களை அடித்து வீழ்த்துபவர் மார்லி. கொலைக் கருவி என்று பேசப்பட்ட அதே மண்வாரிதான் அவர் கையில். தேவாலயத்தில் அந்த உரையாடல் நடந்திராவிட்டால் அவர் கெவினுக்கு இன்றும் பூதமாகவே இருந்திருப்பார்.

தாயின் பயணமும் இதையே வேறு வழியில் சொல்கிறது. கேத்தரின் ஓ'ஹாரா நடித்த கேட், பாரிஸ் விமான நிலையத்தில் கையில் இருப்பதையெல்லாம் கொடுத்து ஓர் இருக்கையைப் பெறுகிறாள். கடைசியில் இசைக்குழு ஒன்றின் வண்டியில் வீடு வந்து சேர்கிறாள். காலை விமானத்துக்குக் காத்திருந்த மற்றவர்களும் சில நிமிடங்களில் வந்துவிடுகிறார்கள். கணக்குப் பார்த்தால் அவள் பட்ட பாடு வீண். ஆனால் மகனிடம் முதலில் வந்து மன்னிப்புக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

குறைகள்

படத்தில் குறைகள் உண்டு. பழுக்கக் காய்ச்சிய கைப்பிடியும் தலையில் பற்றும் தீயும் உண்மையில் உயிரைப் பறிக்கும். இங்கே சிரிப்போடு முடிந்துவிடுகின்றன. சிறு பிள்ளைகளோடு பார்க்கும் பெரியவர்கள் அதைச் சொல்லிவைப்பது நல்லது. கெவின் காவல்துறையை முன்பே அழைக்காததற்குப் படம் சொல்லும் காரணம், கடையில் பணம் கொடுக்காமல் பல்துலக்கியோடு ஓடி வந்துவிட்ட பயம். அது வலுவானதன்று. அவனை அவமதித்த உறவினர்களைக் கதை எங்கும் தட்டிக் கேட்பதில்லை.

மதிப்பீடு

1992-இல் வந்த இரண்டாம் படமும் 1997-இல் வேறு சிறுவனைக் கொண்டு வந்த மூன்றாம் படமும் பொறிகளைக் கைவிடவில்லை. இருந்தும் முதல் படத்தின் இடம் அவற்றுக்குக் கிட்டவில்லை. பொறிகள் மட்டுமே ஈர்ப்பு என்பதற்கு இது எதிர்ச்சான்று.

குடும்பம் திரும்பியதும் கெவின் தன் வீரத்தை யாரிடமும் சொல்வதில்லை. கடைக்குப் போய்ப் பால் வாங்கியதை மட்டும் சொல்கிறான். பிறகு சன்னல் வழியே பார்க்கிறான். எதிரே மார்லி தம் மகனையும் பேத்தியையும் தழுவி நிற்கிறார். இருவரும் கையசைத்துக்கொள்கிறார்கள். சிறுவராக இருந்தபோது இந்தக் காட்சி வருவதற்குள் எழுந்து போனவர்கள், பெற்றோரான பின் இதற்காகவே இறுதிவரை அமர்ந்திருக்கிறார்கள்.