ட்ரைடெலும் தாயக்கட்டையும்: ஒரு திருத்தம், கொஞ்சம் விமர்சனம்

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு டிசம்பரில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளை உட்காரவைத்து ஒரு கதை சொன்னேன். அமெரிக்காவில் கொஞ்ச காலம் வேலை பார்த்துத் திரும்பிய நண்பர் ஒருவர் மரத்தில் செய்த சின்னப் பம்பரம் ஒன்றைத் தந்திருந்தார். நாலு பக்கம், பக்கத்துக்கு ஒரு எபிரேய எழுத்து. பேர் ட்ரைடெல். யூதர்களின் ஹனுக்கா பண்டிகை எட்டு நாள் நடக்கும். அந்த நாட்களில் பிள்ளைகள் இதைச் சுற்றி விளையாடுவார்கள். "அந்தியோகஸ்னு ஒரு கிரேக்க ராஜா வேதம் படிக்கக் கூடாதுன்னு தடை போட்டான். பிள்ளைங்க ஒளிஞ்சு ஒளிஞ்சு படிச்சாங்க. சிப்பாய் வந்தா ஏட்டை மறைச்சுட்டுப் பம்பரத்தைச் சுத்த ஆரம்பிச்சிடுவாங்க" என்றேன். வாயைப் பிளந்து கேட்டார்கள். என் மகள் அதைப் பள்ளியில் மேடையேறி வேறு சொல்லிவிட்டு வந்தாள்.

கதை தப்பு. தடை நடந்தது, கலகம் நடந்தது, கி.மு. 164இல் எருசலேம் கோயிலை மீட்டுப் புனிதப்படுத்தியதும் நடந்தது. பம்பரம் மட்டும் அங்கே இல்லை. எண்ணெய் எட்டு நாள் எரிந்த அற்புதம் தல்மூதில் இருக்கிறது. இந்தப் பம்பரத்தைப் பற்றி அதில் ஒரு பேச்சும் இல்லை.

பம்பரம் ஐரோப்பியச் சரக்கு. ஆங்கிலத்தில் டீடோட்டம் என்பார்கள். சாராயக்கடையிலும் வீட்டிலும் ஆடிய சூதாட்டப் பம்பரம். ஜெர்மன்காரர்கள் அதன் நாலு பக்கத்திலும் கட்டளைகளின் முதலெழுத்தைப் போட்டார்கள்: ஒன்றுமில்லை, முழுசும், பாதி, வை. இட்டிஷ் பேசிய யூதர்கள் அதே கட்டளைகளை எபிரேய எழுத்தில் எழுதிக்கொண்டார்கள். நுன், கிமெல், ஹே, ஷின். அவ்வளவுதான் ஆரம்பம். பிறகு யாரோ அந்த நாலு எழுத்தை வைத்து "அங்கே ஒரு பெரிய அற்புதம் நடந்தது" என்று வாக்கியம் கட்டினார்கள். இஸ்ரேலில் "அங்கே" பொருந்தாது என்று ஒரு எழுத்தையே மாற்றி "இங்கே" ஆக்கிவிட்டார்கள். எழுத்துகளின் எண் மதிப்பைக் கூட்டினால் 358. மெசியா என்ற சொல்லுக்கும் 358. நம்மூர் எண் கணித ஜோசியர்கள் கேட்டால் சந்தோசப்படுவார்கள்.

இதை மதுரையில் உட்கார்ந்துகொண்டு ஏன் நோண்டுகிறேன்? நம்ம வீட்டிலும் இதே கதைதான்.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசி. கூடலழகர் கோயிலில் பரமபத வாசல் பார்த்துவிட்டு வந்து, ராத்திரி கண்விழிக்கப் பரமபத சோபான படத்தை விரித்துத் தாயம் உருட்டுவது பழைய வழக்கம். (கண்விழிப்பவர்களுக்காகவே தியேட்டர்கள் விடிய விடிய படம் ஓட்டிய காலமும் உண்டு. அது தனிப் பதிவு.) குறளில் 94ஆவது அதிகாரமே சூதுக்கு எதிரானது. பாண்டவர் கதையைச் சொல்லிச் சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். சாதாரண நாளில் பிள்ளைகள் தாயக்கட்டையைத் தொட்டால் "வீட்டுக்கு ஆகாது, எடுத்து வை" என்பார் எங்கள் அப்பத்தா. ஏகாதசி ராத்திரி மட்டும் அதே பித்தளைக் கட்டையை அவரே உருட்டுவார், அதுவும் பெருமாள் பேரைச் சொல்லி.

ட்ரைடெலைக் கையில் வைத்துப் பாருங்கள். ஒரு தாயக்கட்டையில் குச்சி செருகியது போலத்தான் இருக்கும். ரெண்டும் நாலு பக்கச் சூதுக்கருவி. ரெண்டுக்கும் பண்டிகை அன்று மட்டும் பெரியவர்கள் லைசென்ஸ் கொடுக்கிறார்கள். அந்தக் கதைகளை நான் லைசென்ஸ் வாசகமாகத்தான் படிக்கிறேன்.

பரமபதத்துக்கு இப்போது சுற்றிவரும் வாசகம் வேறு: "கர்மாவைக் கற்றுத்தரும் விளையாட்டு, புண்ணியம் செய்தால் ஏணி, பாவம் செய்தால் பாம்பு, வெள்ளைக்காரன் இதைத் தூக்கிட்டுப் போய் வெறும் பாம்பு ஏணி ஆக்கிட்டான்." கடைசிப் பாதி ஓரளவு சரி. இந்திய ஆட்டம்தான் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்துக் கடைகளுக்குப் போனது. முதல் பாதிதான் இடிக்கிறது. ஏணிக்கு நல்ல குணத்தின் பேரை எழுதலாம். ஆனால் ஆடுகிறவர் நல்ல குணத்தைத் தேர்ந்தெடுக்கவே இல்லையே! கட்டை விழுந்தது, ஏறினார். மேலே வைகுண்டத்துக்குப் பக்கத்தில் படுத்திருக்கும் பெரிய பாம்பு ஒரு பாவமும் செய்யாத ஆறு வயசுப் பிள்ளையை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுகிறது. படம் ஒன்று சொல்கிறது, விதி வேறொன்று செய்கிறது. மென்பொருளில் இப்படி வந்தால் ஆவணத்தைத் திருத்து என்போம்.

விதிகளை மட்டும் வைத்துப் படித்தால் இது கர்மா விளையாட்டே இல்லை, அருள் விளையாட்டு. வைணவத்தில் பூனைக்குட்டி, குரங்குக்குட்டி என்று ஒரு பழைய வாதம் உண்டு. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும், அது வடகலை. பூனைக்குட்டி சும்மா கிடக்கும், தாய் கவ்விக்கொண்டு போகும், அது தென்கலை. பரமபதம் அசல் பூனைக்குட்டி கட்சி. ஏகாதசி ராத்திரிக்கு இது கர்மாவைவிடப் பொருத்தமாகத்தான் படுகிறது. இது என் வாசிப்பு. பலகையை வரைந்தவர்கள் அப்படி நினைத்தார்கள் என்று சொல்லவில்லை. இன்னொரு லைசென்ஸை நானே எழுதிவிடக் கூடாது.

சரி, விளையாட்டாக எப்படி? ட்ரைடெலைப் புளியங்கொட்டை வைத்து ஆடினோம். ஆளுக்கு ஒன்று நடுவில் வைக்கணும். நுன் விழுந்தால் ஒன்றுமில்லை, கிமெல் என்றால் முழுசும் உனக்கு (எல்லாரும் மறுபடி ஆளுக்கு ஒன்று வைக்கணும்), ஹே என்றால் பாதி, ஷின் என்றால் நீ ஒன்று வை. கணக்குப் போட்டால் இது நியாயமான ஆட்டம் இல்லை. நாலு பேர் ஆடினால் முதல் சுற்றில் முதலாமவருக்குச் சராசரி வரவு 1.25 கொட்டை, நாலாமவருக்கு 1.06. முதலில் சுற்றுகிறவர் முன்னால் நாலு கொட்டையும் முழுசாக இருக்கிறது. போகப்போக நடுக்குவியல் சராசரியாக 3.33க்கு இறங்கி நிற்கிறது. ரெண்டே பேர் என்றால் மட்டும் சமம். இதை 1976இல் ஃபைனர்மன் என்ற கணிதக்காரர் கட்டுரையாகவே எழுதினார். தலைப்பில் "பழங்கால" ஆட்டம் என்று வேறு போட்டிருக்கிறார், என்னைப் போலவே. 2006இல் ராபின்சன், சுஜித் விஜய் என்ற இருவர் இன்னொன்றை நிறுவினார்கள்: ரெண்டு பேர் ஆடும்போது ஆட்டத்தின் நீளம் கையிருப்பின் வர்க்கத்தை மீறி வளராது. வர்க்கம் என்பதே அதிகம்தான். கொட்டையை இரட்டிப்பாக்கினால் நேரம் நாலு மடங்கு ஆகலாம். எட்டு நாள் எரிந்த எண்ணெய்க்கு ஏற்ற விளையாட்டு. நான் ஆளுக்கு இருபது கொடுத்துத் தப்பு பண்ணினேன், பத்து போதும்.

பரமபதத்தின் கொடுமை வேறிடத்தில். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். ரெண்டு கட்டையில் ஒன்றில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் வரணும். எட்டில் ஒரு வாய்ப்பு. எட்டு முறை உருட்டியும் தாயம் விழாத பிள்ளைகள் கிட்டத்தட்ட மூணில் ஒருவர். அழுகை அங்கேதான் ஆரம்பிக்கும். போன் ஆப்பில் இதைத் தூக்கிவிட்டார்கள். அழுகை இல்லை, ஆனால் தாயம் விழும்போது கிளம்பும் அந்தக் கூச்சலும் இல்லை. நான் பலகைக் கட்சி.

ரெண்டிலும் திறமைக்கு இடமில்லை என்பதை அறிவுப்பூர்வமான பெற்றோர்கள் குறையாகச் சொல்கிறார்கள். நாலு வயசும் எழுபது வயசும் ஒரே பாயில் சமமாக உட்கார இதுதான் வழி. சதுரங்கத்தில் அது நடக்காது. இதில் கணக்கு, நீதி, பாரம்பரியம் எல்லாம் கற்றுத்தர வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் ஆட்டத்தைக் கெடுக்கிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான்.

போன டிசம்பர் 14 சாயங்காலம் ஹனுக்கா தொடங்கியது. பம்பரத்தை எடுத்து வைத்து மகளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப சிப்பாய் வந்தது பொய்யா?"

"பம்பரத்தை வச்சு ஏமாத்தினது பின்னாடி சேர்த்த கதை."

"நான் மைக்ல சொன்னேனே."

பதில் இல்லை. கொஞ்ச நேரம் பம்பரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அப்புறம், யார் சேர்த்தது, எதுக்குச் சேர்த்தாங்க என்று கேட்டாள். சூது ஆடுறதுக்குச் சாக்கு வேணுமே என்றேன். அது அவளுக்கு முதல் கதையைவிடப் பிடித்துவிட்டது.

டிசம்பர் 30 ஏகாதசி. ராத்திரி ஒன்றரை மணிக்கு என் அம்மாவைப் பெரிய பாம்பு கடித்தது. கட்டை சரியா உருளல, மறுபடி போடுறேன் என்றார். பேத்தி விடவில்லை.