பிரசுரகர்த்தரின் கைவண்ணம்

பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் இடையே கிடக்கும் உப்பிலியபுரத்தில் இருந்துகொண்டு பதிப்புக் கலையைப் பற்றி எழுதுவது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம்; எனினும் திருச்சி ஜில்லாவுக்கும் நல்ல புத்தகத்துக்கும் உள்ள சம்பந்தம் சாமானியமானதன்று என்பதை, நூலைக் கையில் எடுத்தவுடன் முதற் பக்கங்களைப் புரட்டிப் பதிப்பகத்தின் பெயரைத் தேடும் பழக்கமுடையவர்கள் அறிவார்கள். ஆசிரியர் பெயரைப் பார்த்து நூல் வாங்குவது ஒருவகை வாசிப்பு. ஆசிரியர் யாரென்றே தெரியாத போதும், வெளியிட்டவர்மேல் வைத்த விசுவாசத்தால் வாங்குவது அதனினும் முதிர்ந்த வாசிப்பு என்பது என் திடமான அபிப்பிராயம்.

அந்த விசுவாசத்துக்கு ஸ்ரீரங்கம் வாணீ விலாஸ் அச்சகம் ஓர் ஆதி உதாரணம். சிருங்கேரி ஆசாரியர் ஸ்ரீ சச்சிதானந்த சிவாபிநவ நரசிம்ம பாரதி சுவாமிகள் காலடியில் ஆலயம் எழுப்பிய 1910ஆம் ஆண்டில், அவருடைய அநுக்கிரகத்தோடு, டி. கே. பாலசுப்பிரமணிய ஐயர் ஆதிசங்கரரின் கிரந்தங்கள் அனைத்தையும் 20 சம்புடங்களாக வெளியிட்டார். காவேரித் தீவிலிருந்த ஓர் அச்சகம் இத்தகைய காரியத்தை மேற்கொண்டு முடித்ததையும், அப்பதிப்பை இன்றளவும் அறிஞர்கள் ஊர்ப்பெயரோடு சேர்த்துக் குறிப்பிட்டு வருவதையும் எண்ணும்போது எனக்குப் பெருமிதம் உண்டாகிறது.

சிறு பதிப்பகத்தின் காரிய முறையைச் சொல்லிவிட அதிக நேரம் பிடிக்காது. கையெழுத்துப் பிரதியைப் படித்துத் தேர்ந்தெடுப்பவரும், அதைச் செப்பனிடுபவரும், மெய்ப்புப் பார்ப்பவரும், காகிதக் கடைக்கும் பைண்டிங் பட்டறைக்கும் நடப்பவரும் பெரும்பாலும் ஒருவரே. பதினாறு பக்கத்துக்கு ஒரு பாரமென்று கணக்கிட்டு, முன்னெல்லாம் ஆயிரம் அல்லது ஆயிரத்து இருநூறு பிரதிகளும், இப்போது சில நூறு பிரதிகளும் அச்சிட்டு, விற்பனையாளர் கழிவும் ஆசிரியர் உரிமைத் தொகையும் போக மிஞ்சுவதை அடுத்த நூலுக்கு முதலாக்கி, நூலக ஆணை வந்தால் சற்றே மூச்சு விடுவதுதான் அவர் வாழ்க்கை. 1959இல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கி, எழுத்து பிரசுரத்தின் மூலம் 1962இல் ‘புதுக்குரல்கள்’ தொகுதியைக் கொணர்ந்து புதுக்கவிதைக்கு ஸ்தானம் தேடித் தந்த சி. சு. செல்லப்பா, தம் நூல்களைத் தாமே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். 1997இல், எண்பத்தைந்தை எட்டிய வயதில், ‘சுதந்திர தாகம்’ நாவலை மூன்று பாகங்களாகத் தாமே பதிப்பித்தார்.

ஆயினும் நூலின் உருவத்தையே ஒரு கலையாகப் பாவித்தவர் என்று ஒருவரைச் சுட்டச் சொன்னால், நான் க்ரியா ராமகிருஷ்ணனைத்தான் சுட்டுவேன். 1974இல் தொடங்கப்பெற்ற க்ரியாவின் புத்தகத்தைப் பிரித்தால், வரிகளுக்கிடையே விட்ட இடைவெளியிலும், சொற்களைப் பிரித்தும் சேர்த்தும் எழுதுவதில் முதற் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை காத்த ஒழுங்கிலும், காற்புள்ளி ஒன்றைக்கூட அலட்சியமாக இட்டுவிடாத சிரத்தையிலும், யாரோ ஒருவர் நமக்காகக் கண்விழித்திருக்கிறார் என்ற உணர்வு தட்டும். காம்யுவின் ‘அந்நியன்’ (1980), அடுத்த ஆண்டே வந்த ‘குட்டி இளவரசன்’ ஆகியவை பிரெஞ்சிலிருந்து நேரே தமிழுக்கு வந்தவை; வேற்று மொழியின் மூச்சைக் கலைக்காமல் தமிழ் வாக்கியத்தில் நிலைநிறுத்த மொழிபெயர்ப்பாளரும் பதிப்பாசிரியரும் சேர்ந்து பட்ட பாட்டை, ஒரு பத்தியை உரக்கப் படித்துப் பார்த்தாலே உணரலாம். 1992இல் தற்காலத் தமிழ் அகராதியை வெளியிட்ட ராமகிருஷ்ணன், அதன் மூன்றாம் பதிப்பு வெளிவந்த 2020 நவம்பரிலேயே கொரோனா நோயால் காலமானார். கடைசி வரையில் அகராதியே அவர் கவலையாயிருந்தது.

க்ரியா தோன்றிய காலத்துச் சிற்றிதழ்களுக்கும் சிறு பதிப்பகங்களுக்கும் முகம் எழுதித் தந்த ஓவியர் கே. எம். ஆதிமூலம், உப்பிலியபுரத்துக்கு அண்மையிலுள்ள துறையூரை அடுத்த கீராம்பூரில் 1938இல் பிறந்தவர் என்பதை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். காந்தியடிகளைக் கோடுகளாலேயே நூறு விதமாகத் தீட்டிய அந்தக் கை, தமிழ் எழுத்தின் வளைவுக்கும் சுழிக்கும் புதியதொரு கம்பீரத்தை அளித்தது. தலைப்பெழுத்தே சித்திரமாகிவிட்ட பிறகு அட்டையில் வேறு அலங்காரம் எதற்கு? வர்ணத்தை வாரி இறைத்த இன்றைய அட்டைகளைக் காணும்போதெல்லாம் அவருடைய சிக்கனம் என் நினைவுக்கு வருகிறது.

ஆயத்த ஆடைத் தொழிலுக்குப் பேர்போன புத்தாநத்தத்திலிருந்து, இதே ஜில்லாவில், அடையாளம் பதிப்பகம் இயங்கிவருகிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தாரின் சிறு அறிமுக நூல்களை ‘மிகச் சுருக்கமான அறிமுகம்’ என்ற வரிசையில் தமிழாக்கி வெளியிட்டது அவர்களே. தத்துவத்தையும் சமூக சாஸ்திரங்களையும் ஒரு கிராமத்து முகவரியிலிருந்து தமிழருக்கு வழங்குவதைச் சிறிய கைங்கரியம் என்று சொல்ல மாட்டேன். வாசக அன்பர்கள் புத்தகத் திருவிழாவுக்குப் போகும்போது, கூட்டம் மொய்க்கும் பெரிய அரங்குகளைச் சற்றே கடந்து, ஒரே ஒரு மேஜையோடு அமர்ந்திருக்கும் சிறு பதிப்பாளரிடம் சென்று, அவர் எதற்காக இந்த நூலைத் தேர்ந்தெடுத்தார் என்று கேட்டு, உரிய விலை கொடுத்து ஒரு பிரதியாவது வாங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.