பிடியில் இருக்கிறது அழகு

மல்லர் கம்பம் பார்க்க வருபவர்களின் கண் உச்சியில்தான் நிற்கும். கம்பத்தின் தலையில் வயிற்றை வைத்து, கைகால்களை விரித்துக் கிடக்கும் பையனுக்குத்தான் கைதட்டல். என் கண் போகும் இடம் அதற்குக் கீழே. நேற்றுச் சேர்ந்த பிள்ளை ஒன்று தலைகீழாகத் தொங்கி, இரண்டு தொடைகளாலும் கம்பத்தை இறுக்கிக்கொண்டு, கையை விடலாமா என்று யோசிக்கும் அந்த ஒரு நொடிக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருப்பேன். மராத்தியப் பயிற்சிக்கூடங்களில் இந்தத் தொடைப் பிடியை ‘அடீ’ என்பார்கள். மற்ற வித்தைகள் பெரும்பாலும் இந்தப் பிடியிலிருந்துதான் கிளைக்கின்றன.

மல்லர் கம்பம் என்பது இதுதான்: தரைக்கு மேல் 2.6 மீட்டர் உயரம், அடியில் பருத்து மேலே போகப் போக ஒடுங்கும் உடல், தேக்கு அல்லது சீஷம் மரம். மல்யுத்த வீரர்கள் எதிராளிக்குப் பதிலாக இந்த மரத்தைக் கட்டிப் பிடித்துப் பழகினார்கள். 12ஆம் நூற்றாண்டின் ‘மானசோல்லாசம்’ என்னும் நூல் இதைச் சொல்கிறது. பின்னர் பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் காலத்தில் பாலம்பட்ட தாதா தேவதர் இதற்குப் புத்துயிர் கொடுத்தார். மரத்தில் விளக்கெண்ணெய் தடவுவார்கள். எண்ணெய் குறைந்தால் தோல் உரியும், கூடினால் ஆள் வழுக்கி இறங்கிவிடுவான். தடவும் கையே அளவு தெரிந்த கையாக இருக்க வேண்டும்.

புதியவர்கள் பாதியில் நின்றுவிடுவதற்கு வலியைக் காரணமாகச் சொல்கிறார்கள். உள்தொடையும் அக்குளும் சிவந்து எரிவது உண்மைதான். முன்கை மரத்துப் போவதும் உண்மை. ஆனால் வலியால் விட்டவர்களைவிட, எதைப் பார்ப்பது என்று தெரியாமல் விட்டவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம். மூத்த மாணவரின் உச்சிக் கோலத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தன்னைப் பார்த்தால் நடுவில் இருப்பது வெறும் பள்ளமாகத் தெரியும். பிடியைப் பார்க்கத் தெரிந்தவருக்கு அங்கே படிகள் தெரியும். முதலில் கால் மேலே போக ஓர் உதறல் தேவைப்படும். தரையை உதைத்துத்தான் இடுப்பு எழும்பும். சில வாரம் கழித்து அந்த உதறல் சிறுக்கும். பிறகு ஒரு நாள் அது காணாமலே போய்விடும்: இடுப்பு தானாக மடங்கி, முழங்கால்கள் ஓசையின்றி மேலேறி மரத்தை வளைத்துக்கொள்ளும். உயரம் ஓர் அங்குலம்கூடக் கூடியிருக்காது. ஆனாலும் அந்த மாணவர் வேறு ஆளாகிவிட்டார். இதைக் கண்டு மகிழத் தெரிந்தவரை யாரும் ஊக்கப்படுத்த வேண்டியதில்லை; அவரே மறுநாள் வந்து நிற்பார்.

இதே கலையைத் தொங்கும் கயிற்றிலும் செய்வார்கள்; அங்கே பிடி இன்னும் நுட்பம். முன்பு பிரம்பில் செய்தார்கள். நல்ல பிரம்பு கிடைக்காமல் போனதும் அந்த இடத்துக்குப் பருத்திக் கயிறு வந்தது. பெண் பிள்ளைகள் பலர் கயிற்றில் பயில்கிறார்கள். கயிறு ஏறும் சிறுமியின் பாதத்தைக் கவனியுங்கள். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் கயிற்றைக் கவ்வி, அந்தச் சின்னக் கவ்வலில் உடம்பின் பாரத்தை இறக்குகிறாள். புதியவளுக்கு அந்த விரல்கள் வெளுத்து நடுங்கும். கயிறும் சேர்ந்து ஆடும். கயிற்றில் முடிச்சுப் போடக் கூடாது என்பது மரபு. சுற்றலாம், இடுக்கலாம், தொடையில் மடித்து நெருக்கலாம். பிரியும்போது ஒரே இழுப்பில் கயிறு நேராகத் தொங்க வேண்டும். மேலே ஆசனத்தில் அமர்ந்திருக்கும்போது கயிறு ஆடாமல் நின்றால் அதுவே தேர்ச்சி.

மும்பை சிவாஜி பார்க்கில் உள்ள ஸ்ரீ சமர்த்த வியாயாம மந்திரின் உதய் தேஷ்பாண்டே பார்வையற்ற பிள்ளைகளுக்கும் இந்தக் கலையைக் கற்றுக்கொடுத்தவர். 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மேலே தெரியும் கோலத்தை ஒருபோதும் கண்ணால் பார்க்காத அந்தப் பிள்ளைகள், தோல் மரத்தில் படும் உணர்வை வைத்தே ஏறுகிறார்கள். இந்தக் கலை பிடியில்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் முறை முடிந்ததும் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். அரை மணி நேரம் உட்கார்ந்து, உங்களைவிட ஒரு படி மட்டும் முன்னால் இருப்பவர் ஏறுவதைப் பாருங்கள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டாம், உச்சியையும் பார்க்க வேண்டாம். முழங்காலின் பின்மடிப்பு மரத்தை எங்கே தொடுகிறது என்று மட்டும் பாருங்கள். நாளைக்கு உங்கள் கால் அந்த இடத்தைத் தேடும்.