புகார் எழுதாத புகார்தாரர்

கம்பெனிக்காரன் கூப்பிட்டால் போலீஸ் ஓடுகிறது, நாம் போனால் பெஞ்சில் உட்கார வைக்கிறது. இதற்கு ஆதாரமாக எப்போதும் காட்டப்படுவது 2010-ல் கலிஃபோர்னியாவில் நடந்த ஐஃபோன் 4 விவகாரம். அது தப்பான உதாரணம் என்பது என் கட்சி. சரியான உதாரணம் அடுத்த வருஷம் நடந்தது, அதைத்தான் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

2010 மார்ச்சில் ரெட்வுட் சிட்டியில் ஒரு பாரில் ஆப்பிள் எஞ்சினியர் ஒருவர், வெளிவராத ஐஃபோனை விட்டுவிட்டுப் போனார். எடுத்தவர் அதை கிஸ்மோடோ தளத்துக்கு 5,000 டாலருக்குக் கொடுத்தார். ஏப்ரல் 19-ல் படங்களோடு கட்டுரை வந்தது. ஆப்பிள் கடிதம் எழுதிக் கேட்டதும் ஃபோனைத் திருப்பியும் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் 23-ம் தேதி, ரியாக்ட் என்ற கணினிக் குற்றத் தடுப்பு அணி அந்தத் தளத்தின் ஆசிரியர் ஒருவரின் வீட்டுக் கதவை உடைத்து கம்ப்யூட்டர்களை அள்ளிக்கொண்டு போனது. பொருள் கைக்கு வந்த பிறகு ரெய்டு! அந்த அணியின் வழிகாட்டும் குழுவில் ஆப்பிளும் இருப்பதாகச் செய்தி வந்ததும் எல்லோருக்கும் கோபம் வந்தது.

அநியாயம்தான். ஆனால் அங்கே வாரண்ட் இருந்தது, நீதிபதி கையெழுத்து இருந்தது, போலீஸ்காரர் எழுதிக்கொடுத்த பிரமாணப் பத்திரம் இருந்தது. பத்திரிகையாளர் பாதுகாப்புச் சட்டத்தை வைத்துக் கேள்வி கேட்க முடிந்தது. ஜூலையில் வாரண்டே வாபஸ் ஆனது. தளத்தின் மேல் வழக்கு இல்லை. ஃபோனை எடுத்தவருக்கும் விற்க உதவியவருக்கும் கிடைத்தது ஒரு வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, 40 மணி நேர சமூக சேவை, ஆப்பிளுக்கு 250 டாலர். சாதாரணத் தண்டனைதான்.

2011 ஜூலையில் கதை வேறு. சான் பிரான்சிஸ்கோவில் இன்னொரு பார், மறுபடியும் வெளிவராத ஐஃபோன் என்று செய்தி. ஆப்பிள் ஆட்கள் அது ஒரு வீட்டில் இருப்பதாகக் கண்டுபிடித்து, நேராக போலீஸ் ஸ்டேஷனைக் கூப்பிட்டார்கள். நான்கு போலீஸ்காரர்கள் கூடவே போனார்கள். ஆனால் உள்ளே போய்த் தேடியது போலீஸ் இல்லை, கம்பெனி ஆட்கள் இரண்டு பேர். ஒன்றும் கிடைக்கவில்லை. விஷயம் வெளியே வந்தபோது அப்படி ஒரு பதிவே எங்களிடம் இல்லை என்றது போலீஸ். பிறகு ஒப்புக்கொண்டது. அந்த அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது: ஆப்பிள் ஊழியர்கள் முறையான புகார் கொடுக்க விரும்பவில்லை.

என்னை உறுத்துவது இந்த வரிதான். பஸ்ஸில் ஃபோனைப் பறிகொடுத்துவிட்டு நான் ஸ்டேஷனுக்குப் போனபோது, கேட்டது எஃப்.ஐ.ஆர்., கிடைத்தது சி.எஸ்.ஆர். ரசீது. நமக்குக் காகிதம் வேண்டும், தரமாட்டார்கள். அவர்களுக்குக் காகிதம் வேண்டாம், ஆளே வருகிறார்கள்.

கம்பெனி துப்பு துலக்கிக் கொண்டுவருகிறது, போலீஸுக்கு வேலை மிச்சம், அதனால்தான் வேகம் என்று நண்பர்கள் சொல்வார்கள். ஓரளவு நியாயம். ஆனால் மேப்பில் புள்ளியைக் காட்டுகிற சாதாரண ஆளுக்கு நான்கு பேர் துணைக்கு வருவார்களா? அந்தப் புள்ளியும் உறுதியான ஆதாரம் இல்லை. அந்த வீட்டில்தான் ஃபோன் கிடைக்கவில்லையே. வாரண்ட் கேட்டிருந்தால் நீதிபதி முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்.

வந்த எல்லோரையும் போலீஸ் என்று நினைத்துத்தான் உள்ளே விட்டதாக அந்த வீட்டுக்காரர் பிறகு பத்திரிகையிடம் சொன்னார்.