சுவருக்கு ஒரு கல்

சென்னை உயர்நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில், துறைமுகத்தை நோக்கிய பக்கத்தில், ஒரு கல் பதிக்கப்பட்டிருக்கிறது. அதைக் கடந்து செல்வோர் ஆயிரமாயிரம். நின்று படிப்போர் மிகச் சிலர். படித்துப் பாருங்கள், தோழர்களே! 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னையைத் தாக்கிற்று, அதன் குண்டொன்று இவ்விடத்துச் சுவரை இடித்தது என்பதே அக்கல் சொல்லும் சேதி.

சுவர் இடிந்தது மட்டுந்தானா அன்றைய சேதி? கடலெல்லாம் எமக்கே உடைமை என இறுமாந்திருந்த பேரரசின் துறைமுகத்துக்கு எதிரே, ஒற்றைக் கப்பலோடு வந்தான் தளபதி கார்ல் ஃபான் முல்லர். நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தான். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் கொழுந்து விட்டெரிந்தன, துறைமுகத்தில் நின்ற கப்பலும் அடிபட்டது, ஐவர் மாண்டனர். அரைமணி நேரத்திற்குள் வேலையை முடித்துக்கொண்டு, கீறலுமின்றி அவன் திரும்பிவிட்டான். மூட்டை முடிச்சுகளோடு நகரைவிட்டு ஓடினர் மக்கள். எம்டன் என்ற சொல்லே தமிழில் குடியேறிவிட்டது. பொல்லாத சூரனைக் கண்டால் ‘ஆள் எம்டன்’ என்கிறோமே, அது அந்த இரவு தந்த சொல்! இத்தனையும் நடந்திருக்க, அக்கல் இரங்குவது சுவருக்கு. மாண்டவர் பெயர் அதில் இல்லை.

கல்லில் இடமேது என்று கேட்பர் சிலர். செங்கத்தை அடுத்த எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்மன் காலத்தது. ஆநிரை கவர்ந்த பூசலில் வீழ்ந்த வீரனின் பெயரோடு, கள்வர் இருவரைக் கடித்து நின்ற அவனது நாயின் பெயரும் அதில் பொறிக்கப்பட்டுள்ளது: கோவிவன். நாய்க்கும் பெயரெழுத இடம் கண்ட நாட்டில், ஐந்து மனிதருக்கு இடம் கிடைக்கவில்லையாம்!

சற்று வடக்கே செல்லுங்கள். பாரி முனையில், டேர் ஹவுஸ் வளாகத்தில், 1773 எனப் பொறித்த எல்லைத் தூணொன்று நிற்கிறது. ஆறு தூண்கள் நட்டனர், எஞ்சியது இதுவே. கோட்டைக்கு வடக்கே கறுப்பர் நகரம் என்று இழிபெயரிட்டு அவர்கள் அழைத்த ஊர் இருந்தது. 1746இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர் அதில் ஒரு பகுதியை இடித்தனர். எஞ்சியதைப் பின்னர் ஆங்கிலேயர் இடித்தனர். பீரங்கிக்கு மறைப்பில்லாத வெளி வேண்டும். வீடுகள் குறுக்கே நிற்கலாமா? இதற்கு மேல் கட்டாதே என்று காட்டவே அத்தூண்கள். அங்கே வாழ்ந்த நெசவாளரும் வணிகரும் எங்கே போயினர் என்பதைப் பற்றி அத்தூணில் ஒரு சொல்லும் இல்லை. எல்லையைச் சொல்ல வந்த கல் எல்லையைச் சொல்கிறது. பொய் சொல்லவில்லை, அதுவரை நன்று.

இராயபுரம் ரயில் நிலையமோ அழகிய கட்டடம். தென்னாட்டின் முதல் ரயில் 1856 ஜூலை முதல் நாள் அங்கிருந்துதான் வாலாஜா சாலைக்கு ஓடத் தொடங்கிற்று. அதைத் திறந்து வைத்த ஆளுநர் ஹாரிஸ் பிரபுவின் பெயரை எந்த நூலும் விடாது சொல்லும். மண் வெட்டிக் கரை உயர்த்திய கைகளின் பெயரைச் சொல்லும் நூல் எங்கே? வெள்ளையனை மட்டும் குறை கூறிப் பயனில்லை. நாம் நடும் அடிக்கல்லிலும் திறப்புக் கல்லிலும், திறந்தவர் பெயர் முழ நீளம். திறக்கப்பட்டது எதுவென்று தேடிக் காணவேண்டும்!

கல்லைவிடத் தெருப்பெயர் கூர்மையாகப் பேசுவதுமுண்டு. 1767இல் ஐதர் அலியின் படை சென்னை வரை வந்தபின், புதிய கறுப்பர் நகரைச் சுற்றி மதில் எழுப்பிய கம்பெனி, செலவைக் குடிகள் தலையில் வரியாகச் சுமத்த எண்ணிற்று. வரி வசூலாகவே இல்லை. ஆயினும் வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் நிலைத்துவிட்டது. வ.உ.சி. சாலை எனப் பெயர் சூட்டிய பின்னும் பழைய பெயர் மக்கள் நாவில் மறையவில்லை.

1782இல், போரும் பஞ்சமும் ஊரை வாட்டியபோது, இராயபுரத்தருகே மணியக்காரர் சத்திரத்தில் பசித்தோருக்குக் கஞ்சி ஊற்றினர். அங்கு வளர்ந்த மருத்துவமனைக்குப் பின்னாளில் ஆளுநர் ஸ்டான்லியின் பெயரை இட்டனர். வாயிலில் பெரிய எழுத்தில் இருப்பது அப்பெயர்தான். காசிமேட்டு மீனவப் பெண்ணோ, வண்ணாரப்பேட்டை மூட்டை தூக்குவோரோ நோயாளியைத் தூக்கி வரும்போது சொல்லிவந்த பெயர் வேறு: கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி.